‘கேன் அண்ட் மஸ்ட்’டுக்கு ஒரு முட்டை

"எவன் போட்டான் இந்த முட்டையை?"

வாத்தியார் போட்ட சத்தத்தில், சமையலறையில் மனைவி கையிலிருந்த மூடி கீழே விழுந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஆங்கில இலக்கணம் நடத்துகிறவர் அவர். அவர் பெண்ணுக்கே ஆங்கிலத்தில் ஒரு மதிப்பெண் பறிபோயிருந்தது. அந்த ஒன்று இருந்தால்தான் அவள் கேட்ட கல்லூரியில் இடம்.

தேர்வு அலுவலகம் விடைத்தாளின் படத்தைக் கைபேசிக்கு அனுப்பியிருந்தது. கண்ணாடி போட்டும் அந்தப் பொடி எழுத்து வாத்தியாருக்குப் பிடிபடவில்லை. மகள்தான் படித்துச் சொன்னாள்.

"நம்மால உதவ முடியும், நாம உதவியே ஆகணும். இந்த ரெண்டையும் இங்கிலீஷ்ல ஒரே வாக்கியமா சேர்க்கணும். 'வீ கேன் அண்ட் மஸ்ட் ஹெல்ப்'னு எழுதினேன்."

"பேஷ்! கேனுக்கும் மஸ்டுக்கும் நடுவுல ஒரு அண்ட் போட்டா ஒரு ஹெல்ப்பே ரெண்டுக்கும் போதுமே!"

"விடைக்குறிப்புல ஹெல்ப் ரெண்டு தடவை இருக்குப்பா."

"ஒரு தரம், ரெண்டு தரம்னு சொல்ல இது என்ன ஏலமா? குறிப்பைப் பார்த்துக் கண்ணை மூடிட்டுத் திருத்துறவனுக்கு மூளை எதுக்கு?"

"விடுங்கப்பா. வேற காலேஜ் பார்த்துக்கலாம்." மகள் சட்டென்று கைபேசியை அணைத்துவிட்டாள்.

விடுவாரா? இந்த வருஷம் அவரும் விடைத்தாள் திருத்தப் போனவர்தான். பெயரை மறைத்து, எண் மட்டும் போட்டு வரும் கட்டுகள். ஒரு நாளைக்கு அறுபது தாள் வீதம் திருத்தி, விரல் வீங்கி வீடு திரும்பியவர். அப்படி உழைக்கிற இனத்துக்கே இவன் ஒருத்தன் இழுக்கு என்று அவருக்கு வயிறு எரிந்தது.

தொலைபேசியில் கத்தினார். மனு கொடுக்கச் சொன்னார்கள். மூன்று பக்கத்துக்கு மனு எழுதினார். நேரில் வரச் சொன்னார்கள். மகளையும் இழுத்துக்கொண்டு போனார்.

தேர்வு அதிகாரி அம்மாள் மனுவைப் பொறுமையாகப் படித்தார். "சார், உங்க பொண்ணு எழுதினது சரிதான். மார்க் இன்னிக்கே ஏறிடும். இதோட நிறுத்திக்கலாமே?"

"எப்படி நிறுத்துறது? திருத்தினவனுக்கு என்ன தண்டனை?"

"அப்பா, மார்க்தான் வந்துடுச்சே, வாங்க போகலாம்." மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சும்மா இரு! மேடம், மூணு வருஷத்துக்கு அவன் சிவப்புப் பேனாவையே தொடக் கூடாது. எங்களுக்கு ஒரு மன்னிப்புக் கடிதமும் வேணும், அவன் கைப்பட!"

"அப்புறம் வாபஸ் வாங்க முடியாது சார். எழுதிக் கொடுக்கிறீங்களா?"

எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டு, வழக்கம்போல் அதன் கீழே அழுத்தமாக இரண்டு கோடும் இழுத்தார்.

அலுவலக உதவியாளர் அசல் விடைத்தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். முட்டைக்குப் பக்கத்தில் திருத்தியவரின் சிவப்புக் கையெழுத்து இருந்தது. அதன் கீழேயும் இரண்டு கோடு.

அதிகாரி அம்மாள், வாத்தியார் எழுதிக் கொடுத்த தாளை அதன் அருகே நகர்த்தி வைத்தார். வாத்தியார் இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மகள் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"உனக்கு... முன்னாடியே தெரியுமா?"

"படத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சுப்பா. உங்க கையெழுத்து எனக்குத் தெரியும். என் கையெழுத்துதான் உங்களுக்குத் தெரியல."