சேதுபதியின் சிவப்பு வட்டம்

ஐந்தாவது பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்றே சேதுபதி சபதம் செய்துவிட்டார். தேக்காவில் ஒரு சந்தில் அவருக்கு இருந்தது ஒரே ஓர் அறை. ஆறாவதாக ஒன்று வந்தால் படுக்கவைக்க அலமாரியின் மேல்தட்டுதான் பாக்கி.

குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக்கில் நர்ஸ் சம்சுன்னிசா பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னாள்.

"நாள் கணக்கு பாக்குறது நூறு பேர்ல இருபது பேரைக் கைவிட்டுடும்லா. மாத்திரையைத் தினம் மறக்காம முழுங்கினா நூத்துல ஒண்ணுதான் தப்பும்."

"நான் தண்ணி மீட்டர் படிக்கிறவன்மா! பன்னெண்டு வருஷ சர்வீஸ்ல ஒரு நம்பர் பிசகினதில்ல. என் கணக்கா தப்பும்?"

"பொம்பள உடம்பு என்ன மீட்டரா?"

சேதுபதி மாத்திரையை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தார். அவர் மனைவி பாக்கியலட்சுமி மட்டும், குடையை மறந்துவிட்டேன் என்று ஒரு நிமிடம் உள்ளே போய்வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மளிகைக் கடைக் காலண்டரில் ஆபத்தான நாட்களுக்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டார். மாதத்தில் பத்து வட்டம். அந்தப் பத்து நாளும் கேன்வாஸ் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசலில் அஞ்சடி நடைபாதைக்குப் போய்விடுவார். கொசுக்களுக்கு விருந்துதான். ஆனால் இரண்டு வருடமாகப் புதுத் தொட்டில் கட்டவில்லை. சந்து முழுக்க அவர் புகழ் பரவியது.

முதலில் வந்தவர் தையல்கார மருதப்பன்.

"அண்ணே, அந்தக் கணக்கை எனக்கும் சொல்லிக் குடுங்க."

"உனக்கு எதுக்குப்பா கணக்கு? என் கட்டில் வெளிய வந்தா உன் கட்டிலும் வரட்டும்."

அடுத்து எதிர்வீட்டு நூர்தீன் வந்தார். மாதக் கடைசியில் அஞ்சடியில் ஒன்பது கட்டில்கள். சேதுபதி விரித்தால் சந்தே விரித்தது, மடித்தால் சந்தே மடித்தது. ஒருநாள் மூட்டைப்பூச்சிக்காக அவர் கட்டிலை வெயிலில் போட்டதற்கே எட்டுப் பேர் தலையணையோடு வந்து நின்றார்கள். ஒன்பது பெண்களுக்கும் ஒரே நாள் கணக்கா என்று மட்டும் ஒரு புத்திசாலிக்கும் தோன்றவில்லை.

ஒன்பது கட்டில் சேர்ந்த நாலாவது மாதம் மருதப்பன் மனைவி மாங்காய் கேட்டாள். நூர்தீன் வீட்டில் வாந்தி. இன்னும் மூன்று வீட்டில் மயக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டுப் பேரும் சேதுபதி வாசலில்.

"உங்க கட்டிலை நம்பித்தானே அண்ணே கெட்டோம்!" என்றார் மருதப்பன்.

"என் வீட்டைப் பாருங்கய்யா! ரெண்டு வருஷம்! பாக்கியம், நீயே சொல்லு, என் கணக்கு தப்புச்சா?"

பாக்கியலட்சுமி பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். காலி மாத்திரை அட்டைகள் பொலபொலவென்று கொட்டின.

சேதுபதி ஓர் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "எ... எப்பலேர்ந்து?"

"குடை எடுக்கப் போனேனே, அன்னிலேர்ந்து."

"அடிப்பாவி! அப்புறம் எதுக்குடி என்னை ரெண்டு வருஷம் கொசுக்கடியில போட்ட?"

"நானா போட்டேன்? நீங்களாத்தானே போனீங்க! நீங்க விடுற குறட்டைக்கு, மாசத்துல அந்தப் பத்து நாள்தாங்க நானும் புள்ளைங்களும் தூங்குறோம்."

எட்டுப் பேரும் கோபத்தை மறந்து சிரித்தார்கள். அவமானம் தாங்காமல் சேதுபதி காலண்டரை ஆணியிலிருந்து பிடுங்கினார், கிழித்தெறிவதற்கு. பாக்கியலட்சுமி அதைப் பக்குவமாக வாங்கித் திரும்ப மாட்டினாள். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து, மீதி இருபது நாட்களுக்கும் வட்டம் போட்டாள்.