உளவாளி ஏழேமுக்கால் மீதான விசாரணை

பர்மாவின் யாங்கூன் நகரில், பசுந்தாங் வட்டாரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தமிழ் வாசகசாலை ஒன்று இயங்கி வந்தது. ‘இயங்கி வந்தது’ என்பது பதிவேட்டில் உள்ள சொல். உண்மையில் அங்கே இயங்கியது மின்விசிறி மட்டும்தான், அதுவும் மின்சாரம் இருக்கும் நேரத்தில்.

வாசகசாலை ஆண்டுக்கு ஒரு நிகழ்ச்சி நடத்தி, வந்தவர்களில் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அறை வட்டார அலுவலகத்துக்குப் போய்விடும். போன ஆண்டு நடந்த சொற்பொழிவுக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அதில் ஆறு பேர் பேச்சாளரின் குடும்பம். மீதி முப்பத்தொரு கையெழுத்தையும் செயலாளர் சாந்தகுமாரி இடது கையால் போட்டாள். இந்த ஆண்டு கையெழுத்துகளைச் சரிபார்க்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவளுக்குத் தூக்கம் போயிற்று.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் சாந்தகுமாரிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊர்க்காரர்கள் எதற்குக் கூடுவார்கள் என்று யோசித்தாள். கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும், சாப்பிட்டு முடித்ததும் அவர்கள் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் போகும். அறுபதுகளில் வந்த ‘உளவாளி ஏழேமுக்கால்’ என்ற சிரிப்புப் படம். அதில் நாயகன் குளிக்கும்போதுகூடக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டான். அவனுடைய வெற்றிலைப் பெட்டிக்குள் ஒரு வானொலி இருக்கும். வில்லன் ஆட்டுக்குட்டியைத் தடவிக்கொண்டே குகையில் உட்கார்ந்து உலகத்தைப் பிடிக்கத் திட்டம் போடுவான். குகை அட்டையால் செய்தது. யாராவது சாய்ந்தால் பாறை ஆடும்.

நகரத்துக்கு வெளியே மாவ்பி ஊரில் இருக்கும் அவள் சித்தப்பா மகன் ராம் வீட்டில் அந்தப் படத்தின் பழைய கேசட் ஒன்று இருந்தது. அவன் அதைப் பென் டிரைவில் ஏற்றி முடித்ததும் நாடா அறுந்துவிட்டது. ஆக, யாங்கூனில் ஏழேமுக்கால் மிச்சமிருந்தது அந்தப் பென் டிரைவில் மட்டும்தான். சாந்தகுமாரி அதை எடுத்துக்கொண்டு அனுமதி கேட்க வட்டார அலுவலகத்துக்குப் போனாள்.

அனுமதிப் பிரிவின் தலைவர் ஊ ஸோ கான். அது அலுவலகப் பெயர். வீட்டில் அவர் சொக்கன். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் அலுவலகத்தில் அவருக்குத் தமிழ் தெரியாது. பேச்சு பர்மீயத்தில், அம்மா என்பதற்கு ‘டோ’, ஐயா என்பதற்கு ‘ஸயா’ என்ற மரியாதையோடு நடந்தது.

“படத்தில் உளவாளி வருகிறாரா, டோ சாந்தா?”

“வருகிறார், ஸயா. ஆனால் சிரிப்புப் படம்.”

“யாரை உளவு பார்க்கிறார்?”

“வில்லனை. அவன் உலகத்தைப் பிடிக்கப் பார்க்கிறான்.”

“அந்த உலகத்தில் நம் வட்டாரம் சேருமா?”

சாந்தகுமாரி யோசித்தாள். சேராது என்றால் பொய் சொன்னதாகிவிடும். “சேரும்,” என்றாள்.

“அப்படியானால் விஷயம் என் அதிகார வரம்புக்குள் வருகிறது.” அவர் கோப்பைத் திறந்தார். “வில்லன் இரவில் எங்கே தங்குகிறார்?”

“குகையில்.”

“வெளியாள் இரவு தங்கினால் நம் அலுவலகத்தில் பதிய வேண்டும். விருந்தினர் பட்டியலில் பெயரைப் பதிந்தாரா?”

“அதைக் காட்டுவதாக யாரும் சொன்னதில்லை, ஸயா.”

‘மறைத்திருக்கிறார்கள்’ என்று ஊ ஸோ கான் எழுதிக்கொண்டார். பென் டிரைவ் கோப்புக்குள் போயிற்று.

படத்தைப் பரிசீலிக்க ஊ ஸோ கான் தலைமையில் நால்வர் குழு அமைந்தது. தலைவருக்குத் தமிழ் தெரியாதபடியால் மோகன் என்ற இளைஞனை மொழிபெயர்ப்பாளராக வைத்தார்கள். வீட்டில் திட்டு வாங்கும் அளவுக்கு அவனுக்குத் தமிழ் தெரியும். வில்லன் நான்கு நிமிடம் பேசி முடித்ததும், “அவர் கோபமாக இருக்கிறார்,” என்று மோகன் மொழிபெயர்த்தான். அதற்குள் தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்திருந்தார். குறிப்பெடுத்த புஷ்பா தன் கடமையைச் செய்தாள்: ‘11.20. தலைவர் சிரித்தார். மொழிபெயர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை.’

சிரிப்பில் சில வசனங்கள் காதில் விழாததால் இரண்டாம் முறை பார்ப்பதென்று தீர்மானம் நிறைவேறியது. இரண்டாம் முறை முதல் முறையைவிட அதிகம் சிரித்ததால் மூன்றாம் முறை தேவைப்பட்டது.

மூன்றாம் வாரம் குழுவினர் நால்வரும் கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்கு வந்தார்கள். மின்சாரம் இல்லாத நேரத்திலும் கழற்றவில்லை. நாற்காலி, மேசை, ஒருவரை ஒருவர் என்று மாறி மாறி இடித்துக்கொண்டார்கள். தெருவில் இளைஞர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் கறுப்புக் கண்ணாடி வாங்கினார்கள். அலுவலகக் கவுன்டரில் மறைசொல் கேட்கும் நடைமுறை வந்தது. குடியிருப்புச் சான்று வாங்கப் போன, தெருச் செய்தி எல்லாவற்றையும் சுமக்கும் வேலம்மாவைச் சொல் தெரியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் எதிரே டீக்கடைக்குப் போனாள். அங்கே எல்லோருக்கும் மறைசொல் தெரிந்திருந்தது.

ஆண்டு நிகழ்ச்சி நடத்த வேண்டிய கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சாந்தகுமாரி மத்தியானம் அலுவலகத்துக்குப் போனாள். குழுவினர் சாப்பிடப் போயிருந்தார்கள். ஊ ஸோ கான் மட்டும் தனியாகக் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

“உட்காருங்க அக்கா,” என்றார். தமிழில். “இப்ப பாறை ஆடும்.”

பாறை ஆடியது. அவர் சிரிக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எங்கப்பா போட்டாதாங் துறைமுகத்துல மூட்டை தூக்கினவர். வீட்டுல சிரிக்கவே மாட்டார். ஒரு தடவை வாடகை வீடியோ எடுத்து இந்தப் படத்தப் போட்டாங்க. இந்த இடத்துல சிரிச்சாரு பாருங்க, அம்மா பயந்துட்டாங்க. என்னமோ வலி வந்துடுச்சுன்னு.”

சாந்தகுமாரிக்கு மனசு இளகியது. “அப்ப அனுமதி குடுத்துட்டு எங்களோட வந்து பாருங்க தம்பி.”

“குடுத்தா பென் டிரைவத் திருப்பித் தரணுமே. விசாரணையில இருக்கிற வரைக்கும்தான் இது என் மேசையில இருக்கும்.”

“ஒரு நகல் எடுத்துக்குங்களேன்.”

“அலுவலகக் கோப்ப நகல் எடுக்கறது குற்றம் அக்கா. நானே கையெழுத்துப் போட்ட சுற்றறிக்கை.”

“அந்த அறை போயிடுச்சுன்னா, தமிழ்ல ஒரு போர்டு தொங்க இந்தத் தெருவுல வேற இடமில்ல.”

அவர் படத்தை நிறுத்தினார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு உத்தரவை எழுதினார். ஞாயிறு காலை பத்து மணிக்குப் படத்தைக் காட்டலாம். பென் டிரைவ் அதிகாரியின் நேரடிக் காவலில் வந்து போகும். உளவு சம்பந்தப்பட்ட எல்லாக் கோப்புக்கும் போடுவதுபோல அந்த உத்தரவின் மேலும் ‘ரகசியம்’ என்ற முத்திரையைக் குத்தினார். அதன்படி நிகழ்ச்சி நடப்பது யாருக்கும் தெரியக் கூடாது.

யாருக்கும் தெரியாமல் நாற்பது பேரை வரவழைப்பது எப்படி என்று சாந்தகுமாரி இரண்டு நாள் யோசித்தாள். கடைசியில் வேலம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, “யார்கிட்டயும் மூச்சு விடாதே,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். மூன்றாம் மாடிப் படிக்கட்டு தெருவரை நிறைந்துவிட்டது. தமிழ் தெரியாத பிள்ளைகளும் பாறை ஆடியபோது சிரித்தார்கள். பத்து வருஷமாகப் பேசாமல் இருந்த சம்பந்தி வீட்டார் இரண்டு தரப்பும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சாந்தகுமாரி மட்டும் படம் பார்க்கவில்லை. யாரும் கையெழுத்துப் போடாமல் நழுவிவிடக் கூடாது என்று கையெழுத்துப் புத்தகத்தோடு வாசலில் நின்றாள்.

படம் முடிந்தது. முதலில் வந்தவள் வேலம்மா.

“ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ.”

“எதுக்கு?”

“நீ வந்ததுக்கு.”

“நான் வரவே இல்லையே அக்கா,” என்றாள் வேலம்மா, வாசகசாலை கொடுத்த வடையைக் கடித்தபடி. “ரகசியக் கூட்டத்துக்கு வந்தேன்னு நானே எழுதிக் குடுக்கவா?”

அடுத்தவர் வேறு தெருவுக்குப் போகும் வழியில் தவறி ஏறிவிட்டவர். அதற்கடுத்தவர் மாடியில் தண்ணீர்த் தொட்டி பார்க்க வந்தவர். இருநூறு பேரும் இப்படியே இறங்கிப் போனார்கள். கடைசியாக ஊ ஸோ கான் வந்தார். அவர் முன்னாலும் புத்தகத்தை நீட்டினாள்.

“நான் இங்கே இல்லை, டோ சாந்தா,” என்று பர்மீயத்தில் சொல்லிவிட்டு, பென் டிரைவோடு படியிறங்கினார்.

திங்கட்கிழமை சரிபார்க்க வந்தவர்கள் வெற்றுப் பக்கத்தைப் பார்த்தார்கள். நிகழ்ச்சிக்கு யாரும் வரவில்லை என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமானது. அறை அலுவலகத்துக்குப் போயிற்று. அலுவலகம் அதை அனுமதிப் பிரிவுக்குக் கொடுத்தது. ‘பரிசீலனைக் கூடம்’ என்று பர்மீயத்தில் பலகை ஏறியது.

ஊ ஸோ கான் பென் டிரைவை நிரந்தரமாக வைத்துக்கொள்ள ஒரே வழிதான் இருந்தது. படம் தகாதது என்று முடிவு செய்து பறிமுதல் செய்ய வேண்டும். அதற்கு, படத்தைப் பார்த்த பொதுமக்களின் சாட்சியம் தேவை. ஒவ்வொரு ஞாயிறும் கூடத்தில் படம் காட்டப்படும், பார்க்க வருகிறவர்கள் ‘இது பொதுமக்கள் பார்க்கத் தகாத படம்’ என்ற வாசகத்தின் கீழே கையெழுத்திட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது.

முதல் ஞாயிறே வரிசை தெருமுனைவரை நின்றது. ஜனங்கள் முழுப் பெயர், கதவு எண், தொலைபேசி எண் எல்லாவற்றையும் தெளிவாக எழுதினார்கள். வேலம்மா தன் பெயரோடு, அன்று வர முடியாத தன் தங்கை பெயரையும் எழுதினாள். வரிசையின் கடைசியில் சாந்தகுமாரி நின்றாள். சண்டை போடத்தான் வந்திருப்பாள் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊ ஸோ கான் தாளை நீட்டினார். “படத்தை முழுவதும் பார்த்திருக்கிறீர்களா?”

“இல்லை. அன்றைக்கு வாசலில் நின்றுவிட்டேன்.”

“விதிப்படி பார்த்த பிறகுதான் கையெழுத்திட வேண்டும்.”

சாந்தகுமாரி தமிழுக்கு மாறினாள். “பாத்தப்புறம் போட மனசு வராது தம்பி. இப்பவே போட்டுடறேன்.”

போட்டுவிட்டு, உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.