நடந்தே வர்றேன்னு சொன்ன நேர்ச்சை

“போன சனிக்கெழம டீச்சரம்மா பஞ்சநாதனையே முந்திடுச்சி. வூட்டுக்காரருக்கு மட்டும் தெரியக்கூடாதாம். பயந்த மனுசராம்.”

தவக்காலத்து வெள்ளிக்கிழமை. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்க நின்ற கூட்டத்தில் நான் மூன்றாவது வரிசை. பேசியது தனம், பதினைந்து வருஷமாக எங்களுக்கு மீன் கொடுப்பவள். பஞ்சநாதன் அவள் கணவன். நோணாங்குப்பம் படகுத்துறையில் படகு ஓட்டுகிறவன். யாரோ பாவம், பயந்த மனுசன் என்று நினைத்துக்கொண்டேன். முன்வரிசை விலகியது. தனம் என்னைப் பார்த்தாள். கையிலிருந்த சங்கராவைத் தட்டிலேயே போட்டாள்.

“வாங்க சாரு. வஞ்சரம் நல்லா இருக்குது.”

நான் கேட்காமலே ஒரு துண்டு கூடுதலாகப் போட்டாள். அந்த மனுசன் யார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆறு வாரமாக என் மனைவி பிரிஸ்கில்லா சனிக்கிழமை காலையில் ஜெபக் கூட்டத்துக்குப் போகிறாள். திரும்பி வரும்போது சுடிதார் முழங்கால்வரை நனைந்திருக்கும். தீர்த்தத்தைத் தாராளமாகத் தெளிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நெல்லித்தோப்பில் வீட்டுக்கு வந்து, பையை அடுப்படியில் வைத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டேன்.

“ஜெபக் கூட்டம் எங்க நடக்குது?”

“தண்ணி மேல” என்றாள், வஞ்சரத்தைக் கழுவிக்கொண்டே. “தனம் சொல்லிட்டாளா?”

“சொல்லல. காதுல விழுந்துச்சி.”

“நல்லதாப் போச்சு, ஆஷ்லின் அப்பா. எப்படிச் சொல்றதுன்னு நானும் யோசிச்சிட்டே இருந்தேன்.”

புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு கயாக் படகு. இன்னும் இரண்டு வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நோணாங்குப்பத்திலிருந்து முகத்துவாரம்வரை போய்த் திரும்ப வேண்டும். அதற்காக ஊரில் சேரும் பணத்தில், வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் தங்க ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு வீடு எடுக்கப் போகிறார்கள்.

“டாக்டர் என்ன சொல்றாங்க?”

“அவங்கதான் என் பேரையே கொடுத்தாங்க.”

“கை வீங்கிடும்.”

“வீங்காம எப்படித் துடுப்பு போடறதுன்னும் அவங்களே காட்டிட்டாங்க.”

“உனக்கு நீச்சல் தெரியாது.”

“லைஃப் ஜாக்கெட் இருக்கு. உங்களுக்கும்தான் நீச்சல் தெரியாது. அதுக்காகக் குளிக்காமயா இருக்கீங்க?”

மூன்று வருஷத்துக்கு முன் அவள் மார்பில் ஒரு கட்டி. அறுவை, கீமோ, கதிர்வீச்சு என்று ஒரு வருஷம் போனது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்கிறார் டாக்டர். அவளுக்குச் சரியாகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. அவள் இருமினால் நான் எழுந்து உட்காருகிறேன். பயமாக இருக்கிறது, போகாதே என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐம்பத்தாறு வயது ஆண்பிள்ளை சொல்லக்கூடிய காரணமாக அது தோன்றவில்லை.

ஆனால் வேறு ஒரு திறமை எனக்கு உண்டு. அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் எழுத்தராக இருக்கிறேன். முடியாது என்று சொல்லாமலே ஒரு காரியத்தை நடக்கவிடாமல் செய்ய என்னைவிட்டால் ஆள் இல்லை. ஒரு கோப்பில் பழைய பாக்கி ஒன்றைக் கண்டுபிடித்தால் போதும். அது தீரும்வரை மற்றதெல்லாம் காத்திருக்கும்.

“நேர்ச்சை ஒண்ணு பாக்கி இருக்கு” என்றேன். “உனக்கு ஆபரேஷன் அன்னைக்கு வேளாங்கண்ணி மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன். அதை முடிக்காம நீ தண்ணில இறங்கறது முறை இல்ல.”

“என்ன நேர்ச்சை?”

உண்மை என்னவென்றால், மொட்டை. மூன்று வருஷமாகத் தள்ளிப்போட்டு வருகிறேன். இந்த வயதிலும் என் தலையில் முடி அடர்த்தியாக இருக்கிறது. நிறம் கடையில் வாங்கியது, முடி சொந்தம். மொட்டை என்று சொன்னால் மறுநாள் காலை பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். சாயங்காலம் தேங்காய் மாதிரித் திரும்பி வருவேன். பாக்கி தீர்ந்துவிடும்.

“வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றேன்னு.”

மீனை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“நடந்தேவா?”

“நடந்தே. ஆனா முட்டி வலி இருக்கு. வெயில் வேற. கொஞ்சம் நாளாகட்டும்.”

“சரி” என்றாள்.

இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் நான் கற்றது, அவள் நீளமாகப் பேசினால் பயப்படத் தேவையில்லை என்பது. அன்று அந்த ஒற்றை ‘சரி’யை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

பிரிஸ்கில்லா கணக்கு டீச்சர். சாயங்காலம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தெருவில் இறங்கினாள். அந்த ஆஸ்பத்திரி வீட்டுக்காக என் கணவர் நடக்கிறார், நூற்றைம்பது கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு எவ்வளவு தருவீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டாள். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு இராமதாஸ் குரல் கேட்டது.

“நமக்கு இருபது ரூபா எழுதிக்கங்க. அவரு கடலூரே தாண்டமாட்டாரு, தைரியமா எழுதிக்கங்க.”

ஞாயிறு பூசை முடிவில் ஃபாதர் என் பெயரைச் சொல்லி, தவக்காலத்தில் இப்படி ஒரு விசுவாசம் என்று பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். என் கேன்வாஸ் ஷூவுக்கு மந்திரிப்பு நடந்தது. முட்டி வலியைப் பற்றி அங்கே எப்படிப் பேசுவது?

ஆனாலும் நான் தளரவில்லை. கிளம்புவதற்கு முன்னால் அவளிடம் ஒரு வாக்கு வாங்கினேன்.

“நான் மாதா கோயில் வாசல்ல கால் வச்சேன்னு போன் பண்ணினாத்தான் நீ படகுல கால் வைக்கணும்.”

“சரி.”

படகுப் பயணம் அடுத்த ஞாயிறு. நான் கிளம்புவது திங்கட்கிழமை. வேகம் என் கையில். கோப்பு கடைசியில் என் மேசைக்கே வந்துவிட்டது என்று சந்தோஷமாகக் காவிச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அதன் முதுகில் ‘புற்றுநோயை வென்ற பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு படகுகள்’ என்று அச்சடித்துக் கொடுத்திருந்தாள்.

திங்களன்று இருபத்திரண்டு கிலோமீட்டர் நடந்து கடலூர் சேர்ந்தேன். செவ்வாயன்று கொப்புளம் என்று சொல்லிக் கடலூரில் பாதி நாள் உட்கார்ந்தேன். புதன்கிழமை ஒவ்வொரு புளிய மரத்துக்கும் மரியாதை செய்தேன். கிலோமீட்டர் கல்லோடு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. தனம் குரல் செய்தி அனுப்பினாள்: “சாரு, காலையில எடுத்ததுலயும் மத்தியானம் எடுத்ததுலயும் அதே டீக்கடதான் தெரியுது.”

வியாழக்கிழமை காலையில் சிதம்பரம் பஸ் நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர். இந்த வேகத்தில் போனால் ஞாயிறு தாண்டிவிடும். பக்கத்து பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும். அவர் பெயர் பக்கிரி, அந்தம்மா சுலோசனா. அவர் மடியில் ஸ்கேன் படம் வைக்கிற பெரிய உறை. அந்தம்மா தலையில் துணி கட்டியிருந்தார்.

“புதுச்சேரிக்கா?” என்றேன்.

“ஆமாங்க. ஊசி போட. சீக்கிரம் முடிஞ்சா கடைசி பஸ்ஸப் புடிச்சிடுவோம். இல்லன்னா வராண்டாவுல துணிய விரிச்சிப் படுத்துக்குவோம்” என்றார் பக்கிரி. “இவளுக்கு ஊசி போட்ட அன்னைக்கு வாந்தி நிக்காது. வராண்டாவுல அதான் கஷ்டம்.”

சுலோசனா என் முதுகைப் படித்துக்கொண்டிருந்தார்.

“இவங்கள்லாம் நெசமாவே எங்கள மாதிரி இருந்தவங்களா?”

“அதுல ஒண்ணு என் வீட்டுக்காரி. மூணு வருஷம் முன்னாடி இதே மாதிரிதான் துணி கட்டிக்கிட்டு இருந்தா.”

அவர் கை தலைத்துணிக்குப் போனது. “இப்ப முடி வந்துடுச்சா?”

“தோள் வரைக்கும் வந்துடுச்சி.”

“ஞாயித்துக்கெழம படகு ஓட்டிடுவாங்களா?”

பஸ் வந்தது. பக்கிரி உறையைத் தூக்கிக்கொண்டார். அந்தம்மா படியில் ஏறாமல் பதிலுக்காக நின்றார்.

“ஓட்டிடுவா” என்றேன்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். அன்று மட்டும் முப்பது கிலோமீட்டர். இந்த முறை கொப்புளம் உண்மையாகவே வந்தது. வெள்ளி, சனி இரண்டு நாளும் நான் எந்தப் புளிய மரத்தையும் கண்டுகொள்ளவில்லை. குழுவில் இராமதாஸ், ‘டீச்சர், இவரு லாரியில ஏறிட்டாரா, விசாரிங்க’ என்று எழுதினார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாதா கோயில் வாசலில் நின்று போன் செய்தேன்.

“வந்துட்டேன். கால் வச்சுட்டேன்.”

“மூச்சு வாங்குது, உக்காருங்க” என்றாள் பிரிஸ்கில்லா. அந்தப் பக்கம் பஞ்சநாதன் விசில் ஊதுவது கேட்டது. “தண்ணி குடிச்சிட்டு, போய் மொட்டை போட்டுக்கங்க.”

“என்ன மொட்டை?”

“அன்னைக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல மயக்க ஊசி போட்டாங்களே, அது ஏறப் பத்து நிமிஷம் ஆச்சு. ‘தாயே, இவளை எழுப்பி விட்டுடு, மொட்டை போட்டுக்கறேன்’னு நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நடக்கறதப் பத்தி நீங்க ஒரு வார்த்தை சொல்லல.”

நான் படியில் உட்கார்ந்தேன்.

“தெரிஞ்சே எதுக்கு என்னை இவ்வளவு தூரம் நடக்க விட்டே?”

“நீங்க கரையில நின்னா, உங்க மூஞ்சியப் பாத்தே நான் பாதியில திரும்பிடுவேன். அதான் கொஞ்சம் தள்ளி அனுப்பி வச்சேன். மொட்டைக்குத் தனம் தனியா ஐந்நூறு எழுதியிருக்கா. போட்டோ கேக்கறா.”

“பிரிஸ்கில்லா, ஜாக்கெட்டு வாரெல்லாம்…”

“மூணும் மாட்டியாச்சு, ஆஷ்லின் அப்பா. வைக்கட்டா?”

துடுப்பு தண்ணீரில் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு போன் அடங்கியது.

நான் எழுந்து, மொட்டை போடும் இடத்தை விசாரித்துக்கொண்டு நொண்டிப் போனேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தேன். கத்தியோடு காத்திருந்தவர் முன்னால் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டேன்.