கரையில் முக்குளிப்பவர்

தீவுக்குப் போகிறவர்களைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவர்கள் பாவம், போகிறார்கள், தோல் கறுக்கிறார்கள், ஈரத் துணி மூட்டையோடு திரும்பி வருகிறார்கள். சொல்ல வந்தது அவர்களைப் போக வைக்கிற இனத்தைப் பற்றி. எந்தத் தீவில் எந்த மாதம் தண்ணீர் தெளிந்திருக்கும், எந்தக் கரையில் ஆமை வரும், பவளப்பாறைக்கு மேலே எத்தனை அடி உயரத்தில் மிதக்கவேண்டும் என்பதையெல்லாம் விரல்நுனியில் வைத்துக்கொண்டு, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் எடுத்துச் சொல்லி, சொன்ன களைப்பில் வீட்டுக்குப் போய் மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற இனம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இல்லவே இல்லை என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

மட்டாஞ்சேரியில் அந்த இனத்தின் தலைமகன் மொய்து. பஜார் ரோட்டில் வற்றல் மிளகாயும் மல்லியும் விற்கிற கடை. பின்வாசலைத் திறந்தால் காயல். அக்கரையில் வெல்லிங்டன் தீவின் கப்பல்துறை. லட்சத்தீவுக் கப்பல் அங்கிருந்துதான் கிளம்பும். அது நகர ஆரம்பித்ததும் மொய்து பின்வாசலில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்து, "இன்னைக்கும் லேட்டு" என்பார். இருபத்திரண்டு வருஷமாகக் கப்பலுக்கும் அவருக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் இதுதான். எர்ணாகுளம் போகவேண்டுமென்றால்கூட எதிரே நிற்கும் படகை விட்டுவிட்டு பஸ் ஏறி, பாலம் பாலமாகச் சுற்றிப் போவார். கேட்டால், படகில் கூட்டம் என்பார். படகில் நாலே பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

கடைக்குள் ஓர் ஆணியில் முக்குளிக்கிறவர்கள் போடும் கண்ணாடி முகமூடி ஒன்று தொங்கும். கல்யாணமான மறுவருஷம், மனைவி ஹாஜராவைத் தீவுக்குக் கூட்டிப்போவதற்காக வாங்கியது. ஒன்றுதான் வாங்கினார், மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று திட்டம். அது கடலைப் பார்த்ததில்லை. மிளகாய்த்தூள் சலிக்கும்போது கண்ணில் படாமலிருக்க மொய்து அதை மாட்டிக்கொள்வார். மாட்டிக்கொண்டு, தூள் பறக்கப் பறக்கச் சலித்தபடியே, எதிரில் நிற்பவருக்குக் கடலடியை விளக்குவார். அந்தக் கோலத்தில் ஒரு மனுஷன் சொன்னால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

ஒருநாள் தேவராவிலிருந்து சங்கர்ராம் என்ற இளைஞன் மல்லி வாங்க வந்தான். புது மாப்பிள்ளை. மாலத்தீவுக்குப் போகலாமா என்று யோசிப்பதாக வாய்தவறிச் சொல்லிவிட்டான்.

"மாலத்தீவா? எதுக்கு?" மொய்து முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார். "இங்கெ பக்கத்துல லட்சத்தீவுல கட்மத்து இருக்கு. பிப்ரவரி ரெண்டாவது வாரம் போ. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி தண்ணியில எறங்கணும். காது அடைக்கும். மூக்கைப் பொத்திக்கிட்டு லேசா ஊதினா சரியாயிடும். பவளத்தை மட்டும் தொட்டுராதே தம்பி, அதுக்கு உசிரு இருக்கு."

"நீங்க எத்தனை தடவை போயிருக்கீங்க மொய்துக்கா?"

"அதெல்லாம் எண்ண முடியுமா?"

பொய் இல்லை, கவனியுங்கள். பூஜ்யத்தை எப்படி எண்ணுவது?

ஹாஜராவுக்கு ஒரே ஓர் ஆசை. கடலாமை ஒன்று தண்ணீருக்குள் நீந்துவதைப் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். அந்த முகமூடி வாங்கிய வருஷமே அதைச் சொல்லிவிட்டாள். மொய்தும் மறுக்கவில்லை. மறுக்கிற ஆளா அவர்? ஜூனில் கேட்டால் மழை, கப்பல் ஆடும். அக்டோபரில் கேட்டால் மழை விட்டதே தவிரத் தண்ணீர் இன்னும் தெளியவில்லை. டிசம்பரில் பள்ளிக்கூடம் லீவு, பாதிக் கேரளமும் அங்கேதான் கிடக்கும். மார்ச்சில் மிளகாய் வரத்து. ஏப்ரலில் சொறிமீன் பட்டு உடம்பெல்லாம் அரிக்கும். ஒரு வருஷம் பெருநாள் முந்தி வந்தது, மறுவருஷம் பிந்தி வந்தது. இப்படியே மகள் ரஹீனா பிறந்து, படித்து, ஆலுவாவில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். தீவுக்கு மட்டும் சீசன் வரவில்லை.

பிப்ரவரி மாசக் கடைசியில் சங்கர்ராம் கை நிறைய அல்வாவோடு கடைக்கு வந்தான். "மொய்துக்கா! நீங்க சொன்னபடியே நடந்துது. அதே வாரம், அதே நேரம். ஆமை என் பக்கத்துல வந்து நின்னுது!" சாயா கொண்டுவந்த டீக்கடை அப்பு சேட்டன், மல்லி வாங்க வந்த இரண்டு பேர் எல்லோரும் மொய்துவை ஒரு மகானைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். மதியச் சோற்றோடு வாசலில் நின்றிருந்த ஹாஜராவும் பார்த்தாள்.

"அப்போ பிப்ரவரி ரெண்டாவது வாரம் நல்ல சீசனா?" என்று சாதுவாகக் கேட்டாள்.

"அதை மிஞ்சுன சீசன் உலகத்துலயே கிடையாது!" என்றார் மொய்து. நாலு பேர் முன்னால் வேறு என்ன சொல்வார்?

ஹாஜரா பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு பத்து மாசம் தீவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜனவரியில் ரஹீனா வந்து அனுமதிச் சீட்டையும் கப்பல் டிக்கெட்டையும் மேஜைமேல் பரப்பினாள். மூன்று பேருக்கு. பிப்ரவரி இரண்டாவது வாரம்.

கப்பலுக்கு நாலு நாள் இருக்கும்போது மொய்துவுக்குக் காதில் வலி வந்தது.

"ஆழத்துக்குப் போனா அழுத்தம் தாங்காது. டாக்டர் கண்டிப்பா வேண்டாம்னுட்டார்."

"எந்த டாக்டர் அத்தா?" என்றாள் ரஹீனா.

"போன்ல... வீடியோவுல ஒருத்தர்."

அவருடைய கணக்கு எளிமையானது. ஹாஜரா பெருமூச்சு விடுவாள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பாள், தானும் பெருந்தன்மையாகச் சரி என்பார். ஹாஜரா அவர் காதை அக்கறையோடு எட்டிப் பார்த்தாள்.

"காத்து படாமெ பாத்துக்குங்க. நீங்க கடையில இருங்க, நானும் புள்ளெயும் போயிட்டு வர்றோம்" என்றாள். பிறகு கடைக்குப் போய், எட்டி ஆணியிலிருந்து முகமூடியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

கப்பல் கிளம்பிய அன்று மொய்து பின்வாசலில் நின்றார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. கடலில் ஏதாவது ஆகிவிடுமோ என்று கொஞ்சம் பயம். ஹாஜரா நேரில் பார்த்துவிட்டு வந்து, இத்தனை வருஷம் நீங்கள் சொன்னதெல்லாம் சும்மா என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிடுவாளோ என்று அதைவிடப் பெரிய பயம். தான் வரவில்லை என்று சொன்னதும் அவள் ஒரு தடவைகூட 'வாங்க' என்று கூப்பிடவில்லையே என்பதும் மனசில் கிடந்து அறுத்தது. அந்த வாரம் கடையில் யாரும் தீவைப் பற்றிக் கேட்டுவிடாதபடி மிளகாய் விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள் ஹாஜரா மூக்கெல்லாம் கறுத்துத் திரும்பி வந்தாள். விஷயம் தெரிந்து சங்கர்ராம் வந்துவிட்டான். அப்பு சேட்டன் சாயாத் தட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றார். சாமான் வாங்க வந்த இரண்டு பேர் போகாமல் நின்றார்கள். ஹாஜரா மூட்டைமேல் உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

"அந்த மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு எறங்குனேனா, ரெண்டு நிமிஷத்துல கண்ணு பத்தி எரியுது. நான் போட்ட கூச்சல்ல..."

"உப்பு" என்றார் மொய்து. "அங்கெ கடல்ல உப்பு கூடுதல்."

இத்தனை வருஷ மிளகாய்த்தூள் அந்த ரப்பர் விளிம்பில் குடியிருந்தது அவருக்குத் தோன்றவே இல்லை. ஹாஜரா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"பின்னெ அவங்க வேற ஒண்ணு கொடுத்தாங்க. மறுபடி எறங்குனேன். ஆமை வந்துச்சு. எவ்வளவு பெரிசு! பச்சையா..."

"பச்சையா இருக்காது. ஓடு தவிட்டு நிறம். உள்ளெ இருக்குற கொழுப்புதான் பச்சை."

"என் பக்கத்துலயே கொஞ்ச தூரம் நீந்துச்சு. திரும்பி என்னையப் பாத்துச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு."

"ஆமை மனுஷனையெல்லாம் பாக்காது" என்றார் மொய்து. "புல்லு இருக்கான்னு பாத்துருக்கும்."

அப்பு சேட்டனுக்குப் பொறுக்கவில்லை. "என்டெ மொய்துக்கா, இத்தா பறயட்டே, அவங்களைச் சொல்ல விடுங்க! நீங்க சொல்லுங்க இத்தா, ஆமை பாத்துச்சா இல்லையா?"

ஹாஜரா எழுந்தாள். பையிலிருந்து முகமூடியை எடுத்து, பழைய ஆணியிலேயே மாட்டினாள்.

"எனக்கென்ன தெரியும் சேட்டா?" என்றாள். "நான் போயிட்டு வந்தவதானே."

சங்கர்ராம் சிரிப்பை அடக்க இருமினான். மொய்து முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போய் மிளகாய் சலிக்க ஆரம்பித்தார். வெகுநேரம் சலித்தார். வெளியே வந்து அதைக் கழற்றியபோது இரண்டு கண்ணும் சிவந்து ஈரமாக இருந்தன.

"எந்து பற்றி? என்ன ஆச்சு?" என்றார் அப்பு சேட்டன்.

"மாஸ்க்கு கடலுக்குப் போயிட்டு வந்துருக்குல்ல," என்றார் மொய்து. "உப்பு."

சிரித்துவிட்டீர்களா? நன்று. உங்கள் போனில் 'போகவேண்டிய இடங்கள்' என்று சேர்த்துவைத்த வீடியோக்கள் எத்தனை என்று நான் கேட்கப்போவதில்லை. இந்தக் கட்மத்துத் தண்ணீரில் இதை எழுதியவன் கால் நனைத்தானா என்று நீங்களும் கேட்காதீர்கள். வீட்டில் பரண்மேல் விலைச்சீட்டு கிழிக்காத பயணப்பெட்டி ஒன்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால், அதை யார் வாங்கச் சொன்னார்கள், எந்த வருஷம் என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒருவேளை அங்கே அது இல்லையென்றால் உடனே கீழே இறங்கி, வீட்டில் யார் இல்லை என்று பாருங்கள்.