கறுத்துப்போன அரக்குப் புடவை

விற்கிறவன் தன் சரக்கை முழுதாக நம்பிவிடக் கூடாது. நான் நம்பினேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் காஞ்சிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எனக்கு விற்பனை வேலை. லேப்டாப்புக்கான பிராசஸர் சிப் செய்யும் கம்பெனிகள் அதுவரை யாருடையது வேகம் என்று அடித்துக்கொண்டிருந்தன. திடீரென்று யாருடையதற்குக் குறைந்த மின்சாரம் போதும் என்று சண்டையை மாற்றிக்கொண்டன. சண்டை போட்டதில் ஒன்று பெரிய கம்பெனி, ஒன்று சின்னது; எங்கள் கடை சின்னதின் பக்கம். வேலை இல்லாதபோது எங்கள் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று சென்னையில் பயிற்சி கொடுத்தார்கள். அதை நானே கண்டுபிடித்தவன் மாதிரி ஊர் திரும்பினேன். (அந்த விசுவாசத்தில் அங்கே போட்ட பிரியாணிக்கும் பங்கு உண்டு.)

சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருந்த வரதன் முதலாளிக்கு லேப்டாப் தேவைப்பட்டது. புடவையை நெய்யக் கொடுக்கும் முன் டிசைனைத் திரையில் காட்டி ஆர்டர் வாங்க நினைத்தார். தினமும் மதியம் கரண்ட் போகிற காலம். இந்த விற்பனை முடிந்தால் என் வேலை நிரந்தரமாகும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பெரிய கம்பெனி சிப் போட்ட லேப்டாப்போடு வேறொரு கடையிலிருந்து உமா என்ற பெண்ணும் வந்திருந்தார்.

"சிப்பு கிப்பெல்லாம் எனக்குத் தெரியாதுபா," என்றார் முதலாளி. "கரண்ட் போனப்புறம் எது ரொம்ப நேரம் ஓடுதோ, அதை வச்சிட்டுப் போங்க."

கரண்ட் போனது. உமா தன் திரையை இருந்தபடியே விட்டார். நான் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, சிப்பையும் மிகக் குறைந்த வேகத்தில் நிறுத்திவைத்தேன். திரையில் புடவை இருப்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் வைத்தவன் நான்.

உமா எட்டிப் பார்த்தார். "ஏங்க, ஆன்லதான் இருக்குதா?"

"அதாங்க டெக்னாலஜி," என்றேன்.

அவருடையதுதான் முதலில் அணைந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திய நேரம், பக்கத்துத் தாமல் கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் மகளின் முகூர்த்தப் புடவைக்காக வந்து உட்கார்ந்தது. ஓடுகிற லேப்டாப்பில் காட்டச் சொன்னார் முதலாளி. அரக்கு உடல், தங்க ஜரிகை என்று விவரித்தேன். பெண்ணின் அம்மா குனிந்து பார்த்தார்.

"இன்னாபா இது, முகூர்த்தத்துக்குக் கறுப்புப் பொடவை காட்டிக்கினு இருக்கே?"

"கறுப்பு இல்லைம்மா, அரக்கு."

"எனக்குக் கண்ணு தெரியலன்றியா?"

பதறிப்போய் வெளிச்சத்தைக் கூட்டினேன், வேகத்தையும் ஏற்றினேன். சிப் நிதானமாக யோசித்தது. அது எழுந்து வருவதற்குள் அந்த அம்மா எழுந்துவிட்டார். "நல்ல காரியம் பேச வந்த எடத்துல," என்று முணுமுணுத்தபடி செருப்பை மாட்டினார். பின்னாலேயே குடும்பமும் போனது.

அதற்கப்புறம்தான் திரை பளிச்சென்று விழித்தது. அரக்கு என்றால் அப்படியொரு அரக்கு. லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தெருவில் ஓடினேன். (வெறுங்காலில். பங்குனி வெயிலில்.) வேனில் ஏறப்போனவர்களை நிழலில் நிறுத்தி, "இப்பப் பாருங்கம்மா," என்று நீட்டினேன். மிச்சமிருந்த பேட்டரியை முழு வேகமும் முழு வெளிச்சமும் குடித்துவிட்டிருந்தன. அவர் குனிந்ததும் திரை அணைந்தது.

"இப்பவும் கறுப்பாத்தான்பா இருக்குது," என்றார் அவர், கோபம்கூட இல்லாமல்.

நான் திரும்பியபோது முதலாளி உமாவுக்கு டீ சொல்லியிருந்தார். "ஓட்டத்துல நீதான்பா ஜெயிச்ச. ஆனா இந்தம்மாவோடது அணையற வரைக்கும் நெறம் நெறமா இருந்திச்சு." ஆர்டர் உமாவுக்குப் போனது. அடுத்த மாதம் நான் வேறு வேலை தேடினேன். சிப்பின் மேல் பழி போடவும் வழியில்லை. அது சொன்னபடிதான் நடந்துகொண்டது.

சில வருடம் கழித்து என் கல்யாணத்துக்குப் பட்டெடுக்க அம்மா அதே கடைக்குத்தான் போவேன் என்று நின்றார். முதலாளி என்னை அடையாளம் கண்டுகொண்டு, பெண் வீட்டார் முன்னிலையில், நான் ஓடிய ஓட்டம் உட்பட எல்லாவற்றையும் சொன்னார். கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் இன்றுவரை எந்தத் துணிக்கடையில் நான் வாயைத் திறந்தாலும் என் மனைவி முந்திக்கொள்வாள்.

"அவர்கிட்ட கலர் கேக்காதீங்க. கரண்டை மிச்சம் பண்ற கண்ணு அவருக்கு."