ஒன்பதாம் பக்கத்து ரேடியேற்றர் தண்ணீர்

பாரிஸ் 18
கார்த்திகை 22, 2018

'வெள்ளோட்டம்' மாத இதழின் மதிப்புக்குரிய ஆசிரியர் வலன்ரைன் அவர்களுக்கு,

ரூ காய் தெருச் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை பார்க்கும் நீக்கிலாஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் குடும்பத்தாரும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். மாதா சுரூபத்துக்கு முன்னால் இருந்து எழுதுவதால் பொய் வரமாட்டேன் என்கிறது. நான் சுகமாயில்லை. களைத்துப்போய் இருக்கிறேன். காரணம் தங்கள் இதழின் ஒன்பதாம் பக்கம்.

முப்பத்திநாலு வருடம் சிகரெட் பிடித்தவன் நான். போன வருடம் ஆவணியில் நெஞ்சு நோவு வந்து, இதயத்துக்குப் போகும் குழாய்க்குள் சின்ன வலை ஒன்றை வைத்துத்தான் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி ஒரு சிகரெட்டும் கூடாது என்று கட்டளை. தோலில் ஒட்டுகிற நிக்கொட்டின் பிளாஸ்ரர் பார்த்தேன், சுவிங்கம் பார்த்தேன், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் மின்சிகரெட்டுக்கு மாறினேன். இன்றைக்குப் பதினாலு மாதம். கலியாண வீட்டில் சிகரெட்டைத் தொடவில்லை, செத்த வீட்டில் தொடவில்லை, சனிக்கிழமைகளில் நூற்றிருபது கொத்துறொட்டி போட்டுவிட்டுக் கை விறைக்க நின்றபோதும் தொடவில்லை. அப்படி இருந்த வீட்டுக்குள்தான், இரண்டு கிலோ பச்சையரிசி வாங்கப் போன என் மனைவி பேர்ளி, லா சப்பல் பலசரக்குக் கடை மேசையில் சும்மா கிடந்த தங்கள் இதழையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

'மின்சிகரெட்: மறைக்கப்படும் ஆறு உண்மைகள்.' எழுதியவர் பெயர் இல்லை. 'லா சப்பலின் நம்பத்தகுந்த வட்டாரம் ஒன்று தெரிவித்தது' என்று மட்டும் இருக்கிறது. ஆசிரியர் ஐயா, அந்த வட்டாரம் யார்? அவர் எந்த மெத்ரோ ஸ்ரேசனில் இறங்குகிறவர்? நான் அவரை ஒருதரம் நேரில் காண வேணும்.

முதலாவது உண்மை, மின்சிகரெட்டுக்குள் ஊற்றுவது கார் ரேடியேற்றருக்குள் ஊற்றுகிற அதே தண்ணீர். மூன்றாவது உண்மை, அது சுவாசப்பைக்குள் தேங்கி நின்று மாரிக்குளிரில் உறைந்துபோகும். ஐயா, ரேடியேற்றருக்குள் அதை ஊற்றுவதே உறையாமல் இருக்கத்தானே? முதலாவது சரியென்றால் மூன்றாவது எப்படிச் சரிவரும்? இதை நான் பேர்ளியிடம் கேட்டேன். "பேப்பர்க்காரரைவிட உங்களுக்குத் தெரியுமோ?" என்றாள். நாலாவது உண்மை, அதிலுள்ள கிளிசரின் சோப்புச் சாமான், உள்ளே போனால் நுரைக்கும். அன்றிலிருந்து நான் இருமினால் பேர்ளி ஓடிவந்து என் வாயைப் பார்க்கிறாள்.

இதோடு நின்றிருந்தால் தங்களுக்கு முத்திரைச் செலவு செய்திருக்க மாட்டேன். அடுத்த நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் மின்சிகரெட்டுக்குள் ஊற்ற நான் வைத்திருந்த மூன்று போத்தலும் குசினித் தொட்டிக்குள் கவிழ்ந்து கிடக்கின்றன. குழாய் பழுதாகிவிடும் என்று பின்னால் கொதிதண்ணீரும் ஊற்றியிருக்கிறாள். மேசையில் என்ன இருக்கிறது தெரியுமோ? ஒரு பெட்டி சிகரெட்! பதினாலு மாதத்துக்கு முன்னம் என்ரை பெட்டியளைப் பிடுங்கிக் குப்பையிலை எறிஞ்ச அதே மனுசி, தானே சிகரெட் விற்கிற தபாக் கடைக்குப் போய் வரிசையில் நின்று வாங்கி வந்திருக்கிறாள். கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது.

"இஞ்சரப்பா, இதையே பிடியுங்கோ. இதிலை என்ன கிடக்கெண்டாவது ஊருலகத்துக்குத் தெரியும். கொல்லுமெண்டு பெட்டியிலையே நேர்மையா எழுதியிருக்கிறாங்கள். மற்றதிலை ஒரு எழுத்து வாசிக்கேலாது."

கோபம் வரவேண்டிய இடம், வரவில்லை. அவள் என்னைச் சாகவிடக்கூடாது என்று பயந்துதான் அந்தப் பெட்டியை வாங்கி வந்தாள். அதுதான் எனக்குப் பெரிய துக்கமாயிருக்கிறது.

சிகரெட்டும் இல்லை, மற்றதும் இல்லை என்று இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். புதுப் போத்தல் வாங்கிப் பொக்கற்றுக்குள் ஒளித்தாலும் உடுப்புத் தோய்க்கிற நேரம் பிடித்துவிடுவாள். என் நிலையைப் பார்த்து மேல்மாடிச் சுகிர்தம் அக்காவுக்கு மனம் இளகிவிட்டது. அவவும் ஒன்பதாம் பக்கம் வாசித்தவ. அவவுக்குப் பிடித்தது ஆறாவது உண்மை: இயற்கையான பொருள் எதுவும் சுவாசப்பைக்குத் தீங்கு செய்யாது. நல்லெண்ணெயில் ஏலக்காயும் கராம்பும் போட்டுக் காய்ச்சி, வடித்து, கண்மருந்துப் போத்தலில் நிரப்பிக் கொண்டுவந்து தந்தா. "தம்பி, ஒரு கெமிக்கலும் இல்லை. பிள்ளைப்பெத்தவளுக்கும் குடுக்கலாம்" என்றா. நானும் மடையன், அம்பத்தெட்டு வயது மடையன், அதை மின்சிகரெட்டுக்குள் ஊற்றி, வேலையிடத்துக் குசினிப் பின்வாசலில் நின்று நெஞ்சு நிறைய ஒரு இழுவை இழுத்தேன்.

முதலில் வந்தது முதலாளி மரியரட்ணம் அண்ணை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். "நீக்கிலாஸ், இண்டைக்குப் பலகாரத்துக்கு ஓடர் இல்லையே, என்னத்தையப்பா பொரிக்கிறாய்?" எனக்குப் பதில் சொல்ல மூச்சு வரவில்லை. இருமல் என்றால் அப்படி ஒரு இருமல், கண்ணுக்குள் பூச்சி பறக்குது, அண்ணை முதுகிலை குத்துறார், சாப்பிட வந்த சனம் கரண்டியைப் போட்டிட்டு எட்டிப் பாக்குது, ஆரோ ஒரு பொடிச்சி வீடியோவும் எடுக்குது. அப்படியே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு, ஊர்ஜோன்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பேர்ளி வீட்டில் இருந்தும், மகள் டிலானி பொபினியில் இருந்து வேலையை விட்டுவிட்டும் ஓடிவந்தார்கள்.

அங்கே இருந்த டொக்டர் ஒரு இளம் பொம்பிளைப் பிள்ளை. சுகிர்தம் அக்காவின் போத்தலை மணந்து பார்த்துவிட்டு, இது எந்தக் கறிக்கு என்று கேட்டா. விஷயத்தைச் சொன்னதும் கதிரையில் இருந்துவிட்டா. பிறகு அவ சொல்லச் சொல்ல, டிலானி எங்கள் இரண்டு பேருக்கும் தமிழில் சொன்னாள்.

"அப்பா, எண்ணெய் வயித்துக்குத்தான். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ, சுவாசப்பைக்குள்ளை போனால் ஆபத்தாம், நியூமோனியாவே வருமாம். அம்மா, ரேடியேற்றருக்கு ஊத்துற நஞ்சு எதிலீன் கிளைக்கோல். அப்பான்ரையிலை இருந்தது புரோப்பிலீன் கிளைக்கோல். பேர்தான் கிட்டமுட்ட, சாமான் வேறை. இது மருந்துகளிலையும் சாப்பாட்டுச் சாமானிலையும் இருக்காம். கிளிசரின் கேக் ஐசிங்கிலையும் போடுறவை. நீங்கள் கேக் திண்டு நுரை கக்கினீங்களோ?"

"அப்ப அது நல்ல சாமானோ?" என்றாள் பேர்ளி.

"நல்லதெண்டும் சொல்லேல்லையம்மா. வெறும் நீராவியில்லை. திண்டால் பரவாயில்லாத வாசனைச் சாமான் எல்லாம் இழுத்தாலும் பரவாயில்லையெண்டும் இல்லை. கனவருசம் பாவிச்சால் என்ன நடக்குமெண்டு இன்னும் முழுக்கத் தெரியாதாம். நிக்கொட்டின் விடாது பிடிக்கும். சிகரெட் பிடிக்காத ஆக்கள் இதைத் தொடவே கூடாது. ஆனால் அப்பா திரும்பிச் சிகரெட்டுக்குப் போனால் அதுதான் பெரிய ஆபத்தெண்டு சொல்லுறா. மெல்ல மெல்ல இதையும் விடவேணுமாம்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியுமா? நான் பேர்ளியின் முகத்தைப் பார்த்தேன். அவள் டொக்டரின் முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்குத் திரும்புகிறபோது மெத்ரோவில் வைத்துத் தீர்ப்புச் சொன்னாள். "அந்தப் பிள்ளைக்கு வயசு காணாது. பேப்பரிலை வரட்டும், நம்புறன்."

ஆகையால் ஐயா, என் உயிர் இப்போது தங்கள் அச்சகத்தில் இருக்கிறது. அந்தச் சிகரெட் பெட்டி குளிர்ப்பெட்டிக்கு மேலே இருக்கிறது. இன்னும் உடைக்கவில்லை. ஒன்பது நாளாகப் பால் எடுக்கப் போகிறபோதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது, நானும் அதைப் பார்க்கிறேன். நேற்று இறக்கிக் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்ப மேலே வைத்தேன். இன்றைக்கும் அப்படி வைப்பேன் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. தயவுசெய்து அடுத்த இதழில், அதே ஒன்பதாம் பக்கத்தில், அதே பெரிய எழுத்தில், அந்த ஆறு உண்மைகளும் பொய் என்று ஒரு மறுப்புப் போடுங்கள். அந்த நம்பத்தகுந்த வட்டாரத்தையும் கூப்பிட்டு, இப்படி வாய்க்கு வந்ததைச் சொல்லித் திரியாதே என்று நாலு பேருக்கு முன்னால் நல்ல பேச்சுக் கொடுங்கள்.

தங்கள் இதழ் தழைக்க அந்தோனியார் துணை நிற்பாராக. வீட்டில் எல்லாருக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
இன்னும் சிகரெட் பிடிக்காத
நீக்கிலாஸ்

பி.கு: கடிதத்தை உறையில் போடுவதற்கு விலாசம் கேட்டு இப்போதுதான் தங்களுக்கு ரெலிபோன் எடுத்தேன். பேர்ளியும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தது என்னுடைய பிழை. "நீக்கிலாஸ் அண்ணை, அந்த வட்டாரம் நீங்கள்தானே! போன வருசம் சித்திரை, பிலிப்பின்ரை மகளின்ரை கலியாணத்திலை, ஹோல் வாசலிலை சிகரெட்டும் கையுமா நிண்டு, டொக்டர் மாறச் சொல்லுறார், நான் மாற மாட்டன், அது ரேடியேற்றர் தண்ணியெண்டு ஆறு விஷயம் சொன்னீங்கள். நான் அண்டைக்கே குறிச்சு வைச்சனான்" என்று தாங்கள் சொன்னதை இரண்டு பேரும் கேட்டோம். எனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. சிகரெட்டை விட மனமில்லாத காலம், வாயில் வந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

பேர்ளி ரெலிபோனை நிற்பாட்டினாள். பிறகு குளிர்ப்பெட்டிக்கு மேலே இருந்த பெட்டியை எடுத்துத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கோட்டைக் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டாள். "பேப்பர்க்காரர் சொன்னதெண்டு நம்பிப்போனன். நீங்கள் சொன்னதெண்டு தெரிஞ்சிருந்தால் நான் ஏனப்பா நம்புறன்?" என்றாள். எனக்குப் போத்தல் வாங்கத்தான் இப்போது கடைக்குப் போயிருக்கிறாள்.

ஆகவே மறுப்பு ஒன்றும் தேவையில்லை, ஆசிரியர் ஐயா. அந்த ஆறையும் அப்படியே திரும்பப் போட்டு, கீழே என் பெயரை மட்டும் போட்டுவிடுங்கள். எங்கடை சனம் தானாய் நம்பாமல் விட்டுவிடும்.