நாலு மணிக் கிடா

கயிறு கிடந்தது. முளைக்குச்சி நின்றது. கிடாவைத்தான் காணோம்.

கலையரசன் கயிற்றின் நுனியைத் தூக்கிப் பார்த்தார். கடித்த தடம் இல்லை, அறுந்த பிசிறும் இல்லை.

"முடிச்சைத் தானே அவுத்துருக்கு பாரு," என்றார் மனைவி பானுமதியிடம். குரலில் கவலையைவிடப் பெருமைதான் தூக்கலாக இருந்தது. "நான் வளர்த்த கிடா இல்ல?"

"வளர்த்த லட்சணம் இருக்கட்டும். பூசைக்கு இன்னும் இருபத்தெட்டு நாள்தான் இருக்கு. அறுபது பேருக்குச் சொல்லியாச்சு."

கலையரசனின் அப்பா தண்டவாளக் கட்டையைத் தோளில் சுமந்தவர். கலையரசன் முப்பத்தி நாலு வருடம் வெயிலிலும் மழையிலும் பாயிண்ட்ஸ்மேனாக நின்று ரயில்களுக்குத் தடம் மாற்றிவிட்டவர். அந்த வீட்டிலிருந்து முதல்முதலாக எஞ்ஜினுக்குள் ஏறி உட்காரப் போகிறவள் மகள் பவித்ரா. பரீட்சையில் தேறி, உதவி லோகோ பைலட் வேலைக்கு ஆர்டர் கையில் வந்துவிட்டது. ஜூனில் ட்ரெயினிங். பொன்மலை முழுக்க அந்தச் செய்தியைச் சொல்லி முடித்த கலையரசன், ஒவ்வொரு தடவையும் அதை ஒரே மாதிரிதான் முடிப்பார்.

"எல்லாம் எங்க கருப்பு வாங்கிக் குடுத்த வேலைங்க."

வேலை கிடைத்தால் வையம்பட்டிப் பக்கம் இருக்கும் குலதெய்வம் கருப்புக்குக் கிடா வெட்டுவதாக அவர் நேர்ந்திருந்தார். கிடாவும் சாதாரணக் கிடா இல்லை. கறுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகள், பின்னால் வளைந்த கொம்பு. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் மூக்கிலிருந்து வால்வரை குலுங்கும். வெட்டுமுன் பூசாரி தண்ணீர் தெளிப்பார். கிடா சிலிர்த்தால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சிலிர்க்காவிட்டால் அரிவாளைத் தொட மாட்டார். அந்தக் கூச்சம் போய்விடக் கூடாதென்று, மழைத்தூறல்கூடப் படாமல் சாக்குப் போர்த்தி எட்டு மாதம் வளர்த்தார் கலையரசன்.

இப்போது அது ரயில்வே புறம்போக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. இடிந்த குவார்ட்டர்ஸ், கருவேலம் புதர், பழைய தண்ணீர் டேங்க் என்று ஊருக்கே பொதுவான காடு. நாற்பதடி வரை ஆளை நெருங்க விடும். நாற்பத்தோராவது அடியில் மறைந்துவிடும்.

தொட்டியத்திலிருந்து வந்த பானுமதியின் அண்ணன் நல்லுசாமி சிரித்தார். "மாப்ள, ரயிலை நிறுத்தின ஆளு நீங்க. ஒரு ஆட்டை நிறுத்த முடியலையே. பேசாம வேற கிடா புடிப்போம்."

"வேற கிடாவா? இதைப் புடிக்காம விட்டா நான் கொடி புடிச்ச கையே இல்ல மச்சான். எதுவும் டைம்டேபிள் இல்லாம ஓடாது. அதைக் கண்டுபிடிச்சா போதும்."

மறுநாளே ஒரு நோட்டு வாங்கினார். வருகை, புறப்பாடு என்று கோடு போட்டார். அற்புதம்மாளின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாலு நாள் எழுதினார். காலை ஏழு பத்துக்கு இடிந்த சுவர். ஒன்பது நாற்பதுக்கு வேப்பமரம். மத்தியானம் ரயில்வே ஒர்க்ஷாப் சங்கு ஊதியதும் சுவர் இடுக்கு வழியாக டீக்கடைக்குப் பின்னால் வந்து வாழைப்பழத் தோல்.

"ஒரு நிமிஷம் பிசகல பாருங்க," என்றார் அற்புதம்மாளிடம்.

"ஆட்டை விடுங்க. பாப்பா நல்லாப் படிச்சு பாஸ் பண்ணிடுச்சுன்னு சொன்னாங்களே, சந்தோசம்."

"படிப்பு என்னங்க படிப்பு. கருப்பு கண்ணைத் தொறந்தான்."

பக்கத்தில் டீ வாங்க வந்து நின்ற பவித்ரா தூக்கை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு போனாள்.

ஐந்தாம் நாள் சுவர் இடுக்கில் சுருக்குக் கயிறு போட்டார். சங்கு ஊதியது. கிடா வந்தது. இன்னும் தெளிவாகப் பார்க்கலாமென்று கலையரசன் ஒரு எட்டு முன்னால் வைத்தார். சுருக்கு இறுகியது, அவருடைய கணுக்காலில். பொத்தென்று விழுந்தவரைக் கிடா நின்று நிதானமாகப் பார்த்தது. கீழே கிடந்த நோட்டை முகர்ந்தது. வியாழக்கிழமைப் பக்கத்தைக் கிழித்துத் தின்றது.

"டைம்டேபிளைப் படிச்சிருச்சுங்க," என்றாள் அற்புதம்மாள்.

நல்லுசாமி அடுத்த யோசனை சொன்னார். தன் தோட்டத்திலிருந்து ஒரு பெட்டை ஆட்டை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். "இதைக் கட்டிப் போடுங்க. அவன் வந்து பக்கத்துல நிப்பான். நாம அமுக்கிடுவோம்."

கிடா வந்தது, பக்கத்திலும் நின்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்ததில் ஒருவர் மண்டை ஒருவர் மண்டையில் மோதியது. பெட்டை ஆடு மிரண்டு, முளைக்குச்சியோடு பிடுங்கிக்கொண்டு கிடாவின் பின்னாலேயே ஓடியது.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நல்லுசாமி சொன்னார். "மாப்ள, இப்ப ரெண்டாச்சு."

அன்று சாயங்காலம் பவித்ரா வாக்கிங் முடித்து வந்தாள். ட்ரெயினிங்குக்கு உடம்பைத் தயார்ப்படுத்துகிறேன் என்று அவள் தினமும் மூன்றரைக்குக் கிளம்புவது வழக்கமாகியிருந்தது. சுடிதாரின் கீழ்ப்பக்கம் ஈரமாக இருந்தது.

"எங்கம்மா நனைஞ்ச?"

"வேர்வைப்பா."

அப்பாவின் வீங்கிய நெற்றியைப் பார்த்து மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்தாள். பூசும்போது கேட்டாள். "இவ்வளவு கஷ்டம் எதுக்குப்பா? மூணு வருசம் மாடியில உக்காந்து படிச்சது நான்தானே?"

"எத்தனை பேரு படிக்கிறான். எல்லாருக்குமா கிடைக்குது? கருப்பு குடுத்தாத்தான்."

அவள் மஞ்சளைக் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தாள்.

மூன்றாவது திட்டம் ஞாயிற்றுக்கிழமைக்கு. அன்று ஒர்க்ஷாப் லீவு, ரோட்டில் ஆள் நடமாட்டம் குறைவு, கிடா மிரளாது. மீன் வலை ஒன்றை விரித்துப் பிடித்தபடி கலையரசன் சுவருக்குப் பின்னால் பதினொன்றரைக்கே உட்கார்ந்தார். பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. வெயில் மண்டையைப் பிளந்தது. கிடா வரவில்லை.

முப்பத்தி நாலு வருடம் அந்தச் சங்கைக் கேட்டுச் சாப்பிட்ட மனிதருக்கு ஒன்றேகாலுக்குத்தான் உறைத்தது. லீவு நாளில் சங்கு ஊதாது. சங்கு ஊதாமல் கிடா கிளம்பாது.

அது சந்தையில் நிற்கிறதென்று நல்லுசாமி ஓடிவந்து சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தைக்கு இல்லாத கீரையா? கலையரசன் வலையோடு ஓடினார், வீசினார். வலை கீரைக்கார வள்ளிக்கண்ணுவின் தலையில் இறங்கியது.

வலைக்குள்ளிருந்தே அவள் நிதானமாகக் கேட்டாள். "பெரியவரே, சந்தைக்குப் பை கொண்டாருவாங்க. நீங்க என்ன இதைக் கொண்டாந்திருக்கீங்க?"

அந்தக் கூட்டத்தில் பெட்டை ஆடு மட்டும் தானாக வந்து நல்லுசாமியின் காலடியில் நின்றது. அதுவும் கலையரசனைப் பார்த்துச் சிரித்த மாதிரிதான் இருந்தது.

அதற்குப் பிறகும் பத்து நாள் புதரெல்லாம் அலைந்தார். முள் குத்தியதுதான் மிச்சம். பூசைக்கு நாலு நாள் இருக்கும்போது நோட்டை மூடினார்.

"மச்சானுக்குப் போன் போடு பானு. வேற கிடாவே பாக்கச் சொல்லு," என்றார். அந்த நாலு வார்த்தை சொல்ல அவருக்கு நாற்பது வயது கூடிவிட்டது.

பவித்ரா சட்டென்று நிமிர்ந்தாள். "வேற கிடா எதுக்குப்பா? நாலு மணிக்கு அந்தப் பழைய டேங்க் பக்கம் போய்ப் பாத்தீங்களா?"

நாலு மணி அவர் வீட்டில் கண்ணயரும் நேரம். நோட்டில் அந்தக் கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது.

அன்று போனார். டேங்க்குக்குக் கீழே துருப்பிடித்த குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் அடியில், முதுகில் தண்ணீர் வழிய, கண்ணை மூடி அகத்திக்கீரையை அசைபோட்டபடி நின்றது கிடா. கலையரசன் நடந்தே போய்க் கொம்பைப் பிடித்தார். அது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மென்றது.

ஈர உடம்பைத் துண்டால் துடைத்து, சாக்கைப் போர்த்தி, டீக்கடை வழியாக வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடத்திவந்தார். "டைம் பாத்துப் புடிச்சேன்," என்று கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அறுபது பேர் கோயிலில் கூடிவிட்டார்கள். அடுப்பு மூட்டியாகிவிட்டது, மசாலா அரைத்தாகிவிட்டது. மாலை போட்ட கிடாவின் பக்கத்தில் கலையரசன் மார்பை நிமிர்த்தி நின்றார். "ஒரு சொட்டு போதும் பாருங்க," என்றார்.

பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். கிடா அசையவில்லை.

ஒரு சொம்பு ஊற்றினார். கிடா கண்ணை மூடிக்கொண்டது.

ஒரு குடம் ஊற்றினார். கிடா முதுகைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிக் காட்டியது. பிறகு மூக்கில் வழிந்ததை நக்கியது.

கலையரசனின் நிமிர்ந்த மார்பு இறங்கியது.

"என்ன வேண்டுதல்?" என்று கேட்டார் பூசாரி.

"பொண்ணுக்கு வேலை... ரயில் ஓட்டுற வேலை. கருப்பு குடுத்ததுங்க."

பூசாரி சொம்பைக் கவிழ்த்து வைத்தார். "கருப்பு வேணாங்குறான். 'நான் செய்யாத வேலைக்கு எனக்கு எதுக்குக் கூலி'ங்கிறான். அந்தப் புள்ள தானா உழைச்சு வாங்கினதுப்பா அது."

கூலி என்றால் என்ன என்று கலையரசனுக்குத் தெரியும். செய்யாத வேலைக்கு அவர் அப்பாவும் வாங்கியதில்லை, அவரும் வாங்கியதில்லை. தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். போன மார்பு திரும்பி வந்திருந்தது.

"கேட்டுக்கங்க. சாமியே சொல்லிடுச்சு. எம் பொண்ணு தானாப் படிச்சு வாங்கின வேலை அது. ஒருத்தர் தயவும் இல்ல."

அறுபது பேரும் பவித்ராவைப் பார்த்தார்கள். அவள் துப்பட்டா நுனியைச் சரிசெய்துகொண்டாள்.

"எல்லாம் சரி மாப்ள," என்றார் நல்லுசாமி. "அரைச்ச மசாலாவை உருளைக்கிழங்குலயாவது போடச் சொல்லுங்க."

திரும்பி வரும்போது வேனில் அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் கிடா மாலையோடு நின்றது. கலையரசன் நோட்டை எடுத்துக் காலிக் கட்டத்தில் 'மாலை 4.00' என்று எழுதினார். அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார்.

"என்ன இருந்தாலும் நாலு மணின்னா நாலு மணி. பய கரெக்டா வந்து நின்னான் பாரு."

பவித்ரா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"அவன் கரெக்டா வரலப்பா, நானே கயித்தை அவுத்துவிட்ட நாள்லேருந்து நான்தான் கரெக்டா நாலு மணிக்கு டேங்க் வால்வைத் தொறந்து அவனைக் குளிப்பாட்டுனேன்."